கரி கரைத்து எழுதிய கடிதம்

இந்தக் கடிதம் பிறந்த நாள் 1693 பிப்ரவரி 3, பிறந்த இடம் ஓரியூர்ச் சிறை. எழுதியவருக்கு மை கிடைக்கவில்லை. கரித்துண்டைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டார். இறகும் இல்லை, எழுத்தாணியும் இல்லை. ஒரு வைக்கோல் துரும்பைத் தோய்த்துத் தோய்த்து எழுதினார். மறுநாள் தம் தலை போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். காவலர்கள் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே நீட்டி எழுத வழியில்லை. மதுரை மிஷனின் தலைவராக இருந்த பிரான்சிஸ் லாய்னஸ் சுவாமிக்கு அவர் எழுதிய அந்தச் சிறிய கடிதம் முந்நூற்று முப்பது ஆண்டுகளைக் கடந்தும் படிக்கப்படுகிறது.

எழுதியவர் ஜான் தெ பிரிட்டோ. மறவர் சீமைக்கு அருளானந்தர்.

ஓரியூர் என்றதும் காளையார்கோவில், தேவகோட்டை, திருவாடானைப் பக்கத்து மக்களுக்கு முதலில் நினைவு வருவது செம்மண். அவருடைய ரத்தம் விழுந்து சிவந்த மண் என்று வணங்கி, ஒரு பிடி எடுத்துத் துணியில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். நோய்க்குப் பூசுகிறார்கள். கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, எல்லாச் சமயத்தவரும் எடுக்கிறார்கள். அந்த மண்ணுக்குக் கிடைத்த பெயர் கடிதத்துக்குக் கிடைக்கவில்லை. எனக்கோ மண்ணைவிடக் கடிதத்தின் மீதுதான் மனம் போகிறது. சாவுக்கு முந்தின நாள் ஒரு மனிதன் எதை நம்பினான் என்று அவன் கையாலேயே எழுதிக் கொடுத்த சாட்சி அது.

அந்தக் கை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் ஓரியூருக்கும் அதற்கும் ஒட்டே இல்லை. 1647 மார்ச் 1 அன்று லிஸ்பனில் பிரபுக் குடும்பத்தில் பிறந்த பிள்ளை. தகப்பனார் பிரேசிலில் அரசப் பிரதிநிதியாகப் போய் அங்கேயே இறந்துவிட்டார். அரண்மனையில் இளவரசன் பெத்ரோவுக்கு விளையாட்டுத் தோழனாகவும் ஏவலாளாகவும் வளர்ந்த சிறுவனுக்கு ஒருமுறை கடும் நோய் கண்டது. தாயார் பிரித்தஸ் பெரெய்ரா நேர்ந்துகொண்டார்: பிள்ளை பிழைத்தால் ஒரு வருடம் அவனுக்குச் சேசு சபையாரின் அங்கி உடுத்திவிடுவேன். பிழைத்தான், உடுத்தினான். வருடம் முடிந்து அங்கியைக் கழற்றினாலும் மனசு கழற்றவில்லை. 1662 டிசம்பரில் சேசு சபையில் சேர்ந்துவிட்டான். 1673இல் கப்பல் ஏறும் சமயம் தாய் தடுத்துப் பார்த்தார், முடியவில்லை. நேர்ச்சை வைத்த தாய்க்கே அந்த நேர்ச்சை இவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்திருக்காது.

1674இல் அவர் மதுரை மிஷனுக்குள் வந்தார். தத்துவ போதகர் என்ற நொபிலி 1606இல் தொடங்கி வைத்த வேலை அது. அருளானந்தர் எடுத்துக்கொண்டது பண்டாரசுவாமி கோலம். காவி உடை, மரப் பாதக்குறடு, கையில் மூங்கில் தடி, சோறும் காய்கறியும் மட்டும். உயர்ந்த சாதி, தாழ்ந்த சாதி என்று பாராமல் எல்லாரிடமும் போய்வரப் பண்டாரசுவாமிகளுக்கு வழி இருந்தது. அவருக்கு வேண்டியிருந்தது அந்த வழிதான்.

1686இல் மறவர் சீமைக்குள் நுழைந்தார். அன்று சிவகங்கைச் சீமை என்று ஒன்று பிறக்கவில்லை. காளையார்கோவில் முதற்கொண்டு எல்லாம் இராமநாதபுரம் சேதுபதியின் ஆட்சி. காளையார்கோவிலில் இன்று தொலைவிலிருந்தே கண்ணில் படும் அந்த உயரமான கோயில் கோபுரத்தை மருது பாண்டியர் எழுப்பியது இன்னும் நூறு ஆண்டுகளுக்குப் பிறகு. ஆனால் ஊர் மிகப் பழையது. சங்கப் பாட்டில் கானப்பேர், சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கானப்பேர். சைவம் ஆழ வேரோடிய இந்தப் பூமியில்தான் அருளானந்தர் தம் முதல் பெரிய சோதனையைச் சந்தித்தார். அந்த ஜூலையில் மங்கலத்தில் சேதுபதியின் படைத்தலைவர் குமாரப் பிள்ளையின் ஆட்கள் அவரையும் உடனிருந்த உபதேசியார்களையும் பிடித்தார்கள். சிவ நாமம் சொல் என்றார்கள். மறுத்ததற்கு அடி, மரத்தில் சங்கிலி கட்டித் தொங்கவிடுதல், காலில் கயிறு கட்டிக் குளத்துத் தண்ணீருக்குள் முக்கி முக்கி எடுத்தல். சேசு சபையார் எழுதிய வரலாறுகள் அந்தப் பாடுகளின் பாதையில் காளையார்கோவிலின் பெயரையும் சொல்கின்றன.

பிறகு சேதுபதி அவரை இராமநாதபுரத்துக்கு வரவழைத்து நேரில் கேட்டார். கேட்டபின் கொல்லவில்லை. போ, ஆனால் என் நாட்டில் உபதேசம் செய்யாதே, செய்தால் உயிர் இருக்காது என்று சொல்லி விட்டுவிட்டார். அவர் கிழவன் சேதுபதி, இராமநாதபுரத்துக் கோட்டையைக் கல்லில் கட்டிய மன்னர். அவரைக் கொடியவராக மட்டும் காட்டுகிற பழைய பிரசங்க வழக்கம் எனக்கு ஒப்பாது. 1686இல் உயிரை விட்டுவைத்ததும் அவர்தான்.

இங்கிருந்து நடந்ததைத்தான் நான் அடிக்கடி யோசிக்கிறேன். 1687இல் மிஷனின் பிரதிநிதியாக அருளானந்தர் லிஸ்பனுக்குத் திரும்பினார். பழைய விளையாட்டுத் தோழன் இப்போது மன்னன் இரண்டாம் பெத்ரோ. அரண்மனை அவரைத் தாங்கியது. தங்கிவிடு, இளவரசனை வளர்க்கும் பொறுப்பை எடுத்துக்கொள் என்று மன்னர் வற்புறுத்தினார். தாயார் இன்னும் உயிரோடு இருந்தார். அருளானந்தரோ லிஸ்பனிலும் மதுரைச் சீமையில் உண்டதுபோலவே உண்டு, தரையிலேயே படுத்தார். 1690இல் மறுபடி கப்பல் ஏறிவிட்டார்.

நித்திய வாழ்வை நம்புகிறவனுக்கு இந்த உலகம் ஒரு பொருட்டில்லை, அவன் கண் எப்போதும் மேலேயே இருக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. கிறிஸ்தவர்களிலேயே சிலர் அப்படிப் பேசுகிறார்கள். அருளானந்தரைப் பார்த்தால் அந்தப் பேச்சு நிற்காது. மோட்சம் மட்டும்தான் வேண்டும் என்றால் லிஸ்பனிலிருந்தே ஜெபம் செய்திருக்கலாம். அவர் நம்பிக்கை அவரைக் கொண்டுவந்து சேர்த்தது வறண்ட கண்மாய்க் கரைகளுக்கும் முள்வேலிக் காடுகளுக்கும். திரும்பி வந்தபின்னும் சாவைத் தேடி அலையவில்லை. காட்டுக்குள் ஒளிந்தார், இடம் மாறி மாறி இரவில் பூசை வைத்தார், பாவசங்கீர்த்தனம் கேட்டார், ஞானஸ்நானம் கொடுத்தார். உயிர் அவருக்கு வேண்டியிருந்தது, மற்றவர்களுக்காக வேண்டியிருந்தது. சாவுக்கு அஞ்சாதவர் என்று அவரைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1692இல் சிறுவள்ளியின் தடியத்தேவருக்குத் தீராத நோய். உபதேசியார் ஒருவர் போய்ச் சுவிசேஷம் வாசித்தார், நோய் நீங்கியது என்பது மிஷன் வரலாறு. தேவர் ஞானஸ்நானம் கேட்டார். கிறிஸ்தவனாக வேண்டுமானால் ஒரு மனைவிதான் என்றார் அருளானந்தர். தேவர் மூத்தவளை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். 1693 ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளில் ஞானஸ்நானம் நடந்தது. விலக்கப்பட்டவர்களில் இளையவள் கடலாயி, கிழவன் சேதுபதிக்கு உறவுக்காரி. அவள் நேரே அரண்மனைக்குப் போய் முறையிட்டாள்.

பழைய புத்தகங்கள் கடலாயியை ஏரோதியாளோடு சேர்த்துவிடும். எனக்கு அவள்மீது இரக்கம்தான் வருகிறது. ஒரே நாளில் புருஷன் வீட்டு வாசல் அடைபட்ட பெண் அவள். அவள் கண்ணீரும் இந்தக் கதைக்குள் இருக்கிறது என்று சொல்லாமல் வேதசாட்சியின் கதையை முழுதாகச் சொல்லிவிட முடியாது. இதற்குள் அரசியலும் இருந்தது. தடியத்தேவருக்கு இராமநாதபுரத்துச் சிம்மாசனத்தின் மேல் உரிமை பேச இடமிருந்தது. அவர் வேதத்தில் சேர்ந்து, அவர் பின்னால் ஆட்களும் சேர்ந்தால் சேதுபதிக்கு அது வெறும் மத விஷயமாக இருந்திருக்காது.

ஜனவரி 8 அன்று அருளானந்தரைப் பிடித்தார்கள். அனுமந்தகுடி வழியாக இராமநாதபுரம். அங்கே மாதக் கடைசியில் தீர்ப்பு. தலைநகரிலேயே கொன்றால் தடியத்தேவர் பக்கத்து ஆட்கள் கிளம்பிவிடுவார்கள் என்ற பயம். அதனால் வெளியே சொன்னது நாடுகடத்தல், ஓரியூரில் இருந்த சேதுபதியின் தம்பிக்கு ரகசியமாகப் போன ஆணை கொலை. உடன் பிடிபட்டவர்களிடமிருந்து பிரித்து அவரை மட்டும் அனுப்பினார்கள். அந்தத் தம்பி தீராத நோயாளி. என்னைக் குணமாக்கு என்று கைதியைக் கேட்டார். நோய் நீக்குகிற வல்லமை தம்முடையதில்லை, மந்திரம் செய்ய வரவில்லை என்றார் அருளானந்தர். இராமநாதபுரத்திலிருந்து வந்த ஆணைக்கு அதன்பின் தடை இல்லை.

அந்தப் பொழுதில்தான் கரி, தண்ணீர், துரும்பு.

கடிதத்தில் உள்ளதைச் சுருக்கிச் சொன்னால், முதல் பாதி வெறும் விவரம். எந்த நாளில் தீர்ப்பு, எப்படிப் பிரிக்கப்பட்டேன், எப்போது ஓரியூர் வந்தேன், என்ன விசாரணை நடந்தது. தலைவருக்கு வேலையாள் எழுதும் அறிக்கை மாதிரியே போகிறது. பிறகு குற்றச்சாட்டுக்கு வருகிறார். கடவுளின் வேதத்தைப் போதித்ததே தம்மேல் உள்ள குற்றம், குற்றம் அதுவானால் பாடுபடுவது தமக்குப் பெருமையே என்ற கருத்தை எழுதுகிறார். சாவை எதிர்பார்த்திருப்பதையும், வெகுகாலம் ஜெபத்தில் கேட்டது அதுவே என்பதையும், தம் உழைப்புக்கெல்லாம் அதுவே கூலி என்பதையும் சொல்கிறார். காவலர்களைப் பற்றி ஒரு சொல். அவ்வளவுதான்.

எதிரிகளைச் சபிக்கும் வரி அதில் இல்லை, சேதுபதியைப் பழிக்கும் வரியும் இல்லை. தம்மை மீட்க யாரையாவது அனுப்பச் சொல்லவில்லை. மோட்சம் எப்படி இருக்கும் என்ற வருணனையும் இல்லை. பொன் வீதி, முத்து வாசல் எதுவும் அவர் எழுதவில்லை. ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தின் முடிவில் நித்திய வாழ்வை நம்புகிறேன் என்று நாம் சொல்லிவிட்டு ஆமென் போடுகிறோம். அதையே கரித்தண்ணீரில் எழுதும்போது அலங்காரம் எல்லாம் தானாக உதிர்ந்துபோகிறது. பகல் முழுவதும் வயலில் நின்ற ஆள் பொழுது சாயும்போது கூலிக்கு வரப்பில் காத்திருப்பானே, அந்த நிதானம்தான் அந்த எழுத்தில் தெரிகிறது. தரவேண்டியவர் தருவார் என்பதில் சந்தேகமே இல்லாத காத்திருப்பு.

மறுநாள் பிப்ரவரி 4 விபூதிப் புதன். பாம்பாற்றங்கரை மேட்டுக்குக் கூட்டிப் போனார்கள். மண்டியிட்டு ஜெபித்தார். கழுத்தில் தொங்கிய அருளிக்கப் பேழையைக் கண்டு வெட்ட வந்தவன் அஞ்சினான், ஏதோ மந்திரத் தகடு என்று நினைத்தான். அதை அறுத்தெறிந்தபின் தலையை வெட்டினான். கைகால்களையும் வெட்டி உடலைக் கழுமரத்தில் கட்டினார்கள். அந்த ஆண்டு ஈஸ்டர் மார்ச் 22ஆம் தேதி. அதற்கு முந்தின தேதியில் ஈஸ்டர் வரவே முடியாது. கணக்குப் பார்த்துப் பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லைதான். ஆனாலும் மண்ணுக்குத் திரும்புவாய் என்று நெற்றியில் சாம்பல் பூசும் நாளில் அவர் போனார், உயிர்ப்புத் திருநாள் அந்த வருடம் எவ்வளவு சீக்கிரம் வரமுடியுமோ அவ்வளவு சீக்கிரம் வந்தது என்று படிக்கையில் எனக்கு மனம் நிறைகிறது.

உடலில் பெரும்பகுதியை நரியும் பறவையும் தின்றன. எஞ்சியதைக் கிறிஸ்தவர்கள் பின்னால் வந்து பொறுக்கினார்கள். கடிதம் மட்டும் சேதமில்லாமல் காவலைத் தாண்டி லாய்னஸ் கைக்குப் போய்ச் சேர்ந்தது. பிப்ரவரி 10ஆம் தேதியே, அதாவது ஒரே வாரத்தில், லாய்னஸ் இந்த மரணத்தைப் பற்றி மிஷனில் இருந்த மற்றக் குருக்களுக்கு நீண்ட கடிதம் எழுதிவிட்டார்.

இனிக் கடல் பயணம். பருவக்காற்றை நம்பிய காலம். கோவாவிலிருந்து லிஸ்பனுக்குப் போகும் கப்பல்கள் டிசம்பர், ஜனவரி வாக்கில் கிளம்பும், விட்டால் அடுத்த பருவம்தான். கப்பல் மூழ்கிவிட்டால் செய்தியும் மூழ்கிவிடும் என்பதற்காகச் சேசு சபையார் ஒரே கடிதத்துக்குப் பல படிகள் எடுத்து வேறு வேறு கப்பல்களில் அனுப்புவது வழக்கம். எவ்வளவு அவசரமான செய்தியானாலும் காற்றுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும். லிஸ்பனில் தாய் பிரித்தஸ், மகன் எங்கோ உயிரோடு இருப்பதாக எண்ணி ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த மாதங்கள் அவை.

செய்தி சேர்ந்ததும் மன்னர் பெத்ரோ நன்றித் திருவழிபாட்டுக்கு ஏற்பாடு செய்தார். தாயாரை அழைத்தார். பிரித்தஸ் துக்க உடை உடுத்தவில்லை. விழாவுக்குரிய உடையில் அரண்மனைக்கு வந்தார் என்பதே லிஸ்பனிலிருந்து வந்த வரலாறு. பெற்றவள் அழாமல் இருந்திருப்பாளா? வீட்டுக்குள் அழுதிருப்பாள். ஆனால் எல்லார் முன்னாலும் எந்த உடையில் நிற்பது என்று அவள் தேர்ந்தது அவள் எதை நம்பினாள் என்பதற்குச் சாட்சி. மகன் துரும்பால் எழுதியதற்குத் தாய் தந்த பதில் அது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

பிறகு கடிதமும் அதன் கதையும் அச்சுக்கு ஏறின. லாய்னஸின் விவரிப்பு பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பாரிசில் சேசு சபையார் வெளியிட்ட மிஷன் கடிதத் தொகுப்பில் பிரெஞ்சில் வந்தது. லாய்னஸ் மயிலாப்பூர் ஆயரானார், 1715இல் வங்காளத்துச் சந்திரநாகூரில் இறந்தார். அருளானந்தரின் அண்ணன் பெர்னாவோ தம்பியின் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார், அது 1722இல் கோயிம்பிராவில் அச்சானது.

உரோமையில் விவகாரம் நீண்டது. காவி உடுத்து, இந்நாட்டுத் துறவியைப்போல் உண்டு வாழ்ந்தவரை வேதசாட்சி என்று ஏற்கலாமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். மலபார்ச் சடங்குகள் பற்றிய பெரும் சண்டை அப்போது உச்சத்தில் இருந்தது. 1741 ஜூலை 2 அன்று பதினான்காம் பெனடிக்ட் பாப்பரசர், அந்த வாழ்க்கைமுறை அவர் காரியத்துக்குத் தடையில்லை என்று தீர்ப்புச் சொன்னார். சாப்பாட்டையும் உடையையும் வைத்து ஒரு ஆளின் விசுவாசத்தை அளக்க முடியாது என்று உரோமைக்குப் புரிய ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆயிற்று. பிறகு சேசு சபையே போய்விட்டது. 1759இல் போர்ச்சுகல் விரட்டியது, 1773இல் பாப்பரசரே சபையைக் கலைத்தார். காகிதங்கள் பெட்டிக்குள் உறங்கின. சபை மீண்டும் உயிர் பெற்று, பிரெஞ்சுச் சேசு சபையார் 1830களின் இறுதியில் மதுரைக்கு வந்தபின், அவர்களில் ஒருவரான ஜோசப் பெர்த்ரான் பழைய மிஷன் கடிதங்களைத் தேடியெடுத்து 1847 தொடங்கி நான்கு பாகங்களாகப் பாரிசில் வெளியிட்டார். 1853 ஆகஸ்ட் 21 அன்று ஒன்பதாம் பத்திநாதர் அருளானந்தருக்கு முத்திப்பேறு பட்டம் தந்தார். 1947 ஜூன் 22 அன்று பன்னிரண்டாம் பத்திநாதர் புனிதர் பட்டம் தந்தார். இந்தியா விடுதலை அடைய இரண்டு மாதம்கூட இல்லை. 1987இல் சிவகங்கை தனி மறைமாவட்டமானபோது ஓரியூர் அதன் எல்லைக்குள் வந்தது.

இப்போது ஆண்டுதோறும் பிப்ரவரி 4ஆம் தேதி உலகெங்கும் உள்ள சேசு சபையார் தங்கள் கட்டளைச் செபத்தில் வாசிப்பது அந்தச் சிறைக் கடிதத்தைத்தான். ஓரியூரில் வெளியார் யாரும் எட்டிப் பார்க்கமுடியாத அறையில் எழுதப்பட்டது, ஒவ்வொரு வருடமும் குறித்த நாளில் வாய்விட்டு வாசிக்கப்படும் திருவழிபாட்டு வாசகம் ஆகியிருக்கிறது.

காளையார்கோவில்காரர்களுக்கு இது அந்நியமான கதை இல்லை. 1772இல் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் போரில் விழுந்தது இந்த ஊரில். 1801இல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட மருது சகோதரர்களின் தலைகள் புதைக்கப்பட்டிருப்பது இந்த ஊர்க் கோயிலுக்கு எதிரே. நம்பியதற்காக உயிர் கொடுத்தவனை இந்த மண் சமயம் கேட்டு மதிப்பதில்லை. அதனால்தானோ என்னவோ, அருளானந்தரைக் கொன்ற அதே மறவர் சீமையில் அவர் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கிறார்கள். அருளானந்தம், அருளானந்து, பிரிட்டோ என்று ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். சருகணியிலும் சூசையப்பர்பட்டணத்திலும் கல்லறைத் தோட்டங்களுக்குள் போனால் சிலுவைகளில் அந்தப் பெயர்களைப் படிக்கலாம். நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் அவற்றின்மேல் பூ வைத்து மெழுகுவத்தி கொளுத்துகிறவர்களிடம் எதற்கு என்று கேட்டால் பெரிய விளக்கம் எதுவும் தரமாட்டார்கள். அவுக எங்க போயிருவாக, இருக்காகல்ல என்பார்கள்.

ஓரியூருக்குப் போகிறவர்கள் செம்மண்ணோடு இந்தக் கடிதத்தையும் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. கோயிலின் சுவரில், எல்லாரும் நின்று படிக்கும் உயரத்தில், நல்ல தமிழில் முழுக் கடிதத்தையும் பொறித்து வைத்தால் இன்னும் நல்லது. நீளம் ஒரு தடையே இல்லை. காவலர்கள் எழுத விட்டதே கொஞ்சம்.